ஏழாம் தலைமுறையோடு நின்ற கோடு: பழைய லெப்டொப்பில் விண்டோஸ் 11

2025 ஒக்டோபர் கடைசியில், மழை தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், மட்டக்களப்பு கல்லடியில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் லெப்டொப்பை இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். "மகன், இது இனிச் சரிவராதாம். திரை முழுக்க ஒரு அறிவித்தல் வந்து நிக்குது, புதுசு ஒண்டு வாங்கட்டாம். நல்லாத்தானே ஓடுது, ஏன் அப்பிடிச் சொல்லுது?" என்று கேட்டார். உண்மையில் நல்லாத்தான் ஓடியது. டெல் லட்டிடியூட் இ7470, உள்ளே இன்டெல் ஐ5-6300யூ, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. 2021இல் பேரப்பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்காக, ஏற்கெனவே யாரோ பாவித்ததை வாங்கியது. இப்போது அதில் கோயில் அறிவித்தல் ஒன்றிரண்டு பாமினி எழுத்துருவில் அடிப்பார், கட்டாரில் இருக்கும் மகளோடு கதைப்பார், ஓய்வூதிய விஷயங்கள் பார்ப்பார். அவ்வளவுதான். இந்த வேலைக்கு அந்த லெப்டொப் இன்னும் ஐந்து வருஷம் தாராளமாகப் போதும்.

இதே கேள்வியோடு அந்த இரண்டு மாதத்துக்குள் என்னிடம் வந்தவர்கள் பலர். களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி, கல்முனையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா, அக்கரைப்பற்றில் டியூஷன் நடத்துகிற ஒருவர். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம், "உங்கள் கணினிக்கு விண்டோஸ் 11 ஆதரவில்லை" என்ற ஒரே வசனத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. எந்தெந்தக் கணினிக்கு அதில் எது பொருந்துகிறது என்று பிரித்துப் பார்க்காமல், ஒரு கூட்டம் "தூக்கி வீசு" என்கிறது, இன்னொரு கூட்டம் "ஒரு பென் டிரைவ் போதும், எல்லாத்துக்கும் ஏத்தலாம்" என்கிறது. இரண்டுமே தவறான பதில்கள், இரண்டாலும் பாதிக்கப்படுவது கணினியைப் பாவிக்கிற ஆள்தான். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த அறிவித்தல் ஏன் வந்தது என்று பார்ப்போம். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றன. நின்றது அப்டேட் மட்டும்தான்; கணினி வழமைபோலத் திறக்கும், வேர்ட் வேலை செய்யும், யூடியூப் ஓடும். ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகளை யாரும் அடைக்கமாட்டார்கள். இதை லேசாக எடுக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 2017 மே 12இல் உலகமெங்கும் பரவிய வன்னாக்கிரை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்ட தீய மென்பொருள். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் 14இல், வெளியிட்டுவிட்டது. அகப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7இல் ஓடியவை, அதுவும் அப்போது அப்டேட் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ். அதாவது அப்டேட் கிடைத்தும் போடாமல் விட்டவர்களே மாட்டினார்கள். அப்டேட்டே வராத கணினியின் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் 11க்கு மாறலாம்தானே? அங்கேதான் கோடு வருகிறது. 2021 ஒக்டோபர் 5இல் வெளிவந்த விண்டோஸ் 11 கேட்கும் அடிப்படைத் தகுதிகள் பார்க்கச் சாதாரணமானவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், 1 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இரண்டு கோர் உள்ள 64 பிட் சில்லு (ப்ரொசசர்). இது யாரிடம் இல்லை? ஆனால் அதோடு செக்கியூர் பூட் (தொடங்கும்போதே அந்நிய மென்பொருள் நுழையாமல் தடுப்பது) செய்யக்கூடிய யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் புது முறை) வேண்டும், டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பெட்டகம்) வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே சில்லின் பெயர் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. உங்கள் சில்லு எந்தத் தலைமுறை என்று பார்ப்பது லேசு. ஐ5-6300யூ என்றால் பெயரின் நடுவில் இருக்கும் சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் 6, ஆகவே ஆறாம் தலைமுறை. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. ஐ5-10210யூ போல ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பத்தாம் தலைமுறை என்று எடுக்க வேண்டும். "எனக்கிட்ட ஐ7 இருக்கு, ஐ5ஐ விடப் பெரிசுதானே" என்று சொல்லி வருகிறவர்கள் நிறைய. இந்த விஷயத்தில் ஐ3, ஐ5, ஐ7 என்பதற்கு மதிப்பில்லை, பின்னால் வரும் இலக்கத்துக்குத்தான் மதிப்பு.

எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017இன் பிற்பாதியில். எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கும் கணினிகள் எப்போது, எப்படி வாங்கப்பட்டவை என்று நினைத்துப் பார்த்தால் இந்தக் கோடு எங்கே வெட்டுகிறது என்று விளங்கும். 2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகளின் படிப்புக்காக அவசரமாக வாங்கினோம். புதிது வாங்க வசதி இல்லாதவர்கள் வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி, லெனோவோ லெப்டொப்புகளை வாங்கினார்கள். அவற்றில் என் கைக்கு வந்தவை பெரும்பாலும் நாலாம் தலைமுறைக்கும் ஏழாம் தலைமுறைக்கும் இடைப்பட்டவை. அப்புறம் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது, அதோடு புதுக் கணினி என்பது சம்பளக்காரக் குடும்பத்துக்கே எட்டாத சாமானாகிப் போனது. இருந்ததைத் திருத்தித் திருத்திப் பாவித்தோம். ஆகவே இங்கே கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவை மூலையில் தூசு பிடித்துக் கிடக்கிற பழைய பெட்டிகள் அல்ல. வீட்டில் தினமும் திறக்கப்படுகிற ஒரே கணினி பல வீடுகளில் அதுதான்.

கோடு எதை வைத்துப் போடப்பட்டது? வேகத்தை வைத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செலரோன் என்4000 என்று ஒரு சில்லு இருக்கிறது, மலிவு லெப்டொப்புகளில் வருவது, இரண்டு கோர், 1.1 கிகாஹேர்ட்ஸ். அது பட்டியலில் இருக்கிறது. நாலு கோர் உள்ள ஐ7-7700, அதைவிடப் பல மடங்கு பலமான டெஸ்க்டொப் சில்லு, பட்டியலில் இல்லை. ஆக வேகம் காரணம் இல்லை. மைக்ரோசொஃப்ட் சொன்ன காரணங்கள் பாதுகாப்பும் நம்பகத்தன்மையும். 2021 ஓகஸ்டில் அவர்கள் வெளியிட்ட விளக்கத்தில், சோதனைக் காலத்தில் தகுதி குறைந்த கணினிகளில் கேர்னல் (விண்டோஸின் அடித்தளப் பகுதி) மட்டத்தில் நின்றுபோகும் கோளாறுகள் 52 வீதம் அதிகம் என்றும், தகுதியுள்ளவற்றில் 99.8 வீதம் கோளாறில்லாத அனுபவம் என்றும் சொன்னார்கள். 52 வீதம் என்பது பெரிதாகத் தெரிகிறது, ஆனால் ஆயிரத்தில் இரண்டு என்பது மூன்று ஆனாலும் அது 50 வீத அதிகரிப்புத்தான். அடிப்படை எண்ணிக்கை தெரியாமல் அந்த வீதத்தை வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

பாதுகாப்புப் பக்கம் கொஞ்சம் கனமான விஷயம். விண்டோஸ் 11இல் "மெமரி இன்டெக்ரிட்டி" என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கணினிக்குள்ளேயே ஒரு சிறு தனியறை போல உருவாக்கி, கேர்னலுக்குள் ஓடப்போகிற ஒவ்வொரு துண்டு நிரலையும் அங்கே வைத்துச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடும். இந்தச் சரிபார்ப்பைச் சில்லே கூடமாட நின்று செய்தால் வேகம் குறையாது. சில்லுக்கு அந்த வசதி இல்லாவிட்டால் மென்பொருளே அதைப் பாவனை செய்து ஓட்ட வேண்டும், அப்போது கணினி இழுபடும். அந்த வசதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்து இருக்கிறது, ஏஎம்டியில் ஸென் 2 என்ற வடிவமைப்பிலிருந்து இருக்கிறது. இங்கே நிறுத்தி ஒன்றைக் கவனியுங்கள். ஏழாம் தலைமுறையில் வசதி இருக்கிறது, ஆனால் பட்டியலில் இல்லை. ரைசன் 2000 வரிசை ஸென் 2க்கு முந்தியது, வசதி இல்லை, ஆனால் பட்டியலில் இருக்கிறது. போதாக்குறைக்கு ஏழாம் தலைமுறை லெப்டொப் சில்லுகளில் ஐ7-7820எச்கியூ என்ற ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார்கள், அது மைக்ரோசொஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருக்கும் சில்லு. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, பாதுகாப்பு ஒரு உண்மையான காரணம்தான், ஆனால் கோடு விழுந்த இடத்தைத் தீர்மானித்தது அது மட்டுமில்லை. எதுவரைக்கும் ட்ரைவர் (கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) எழுதித் தருவது, எதுவரைக்கும் சோதித்துப் பொறுப்பெடுப்பது என்று கம்பனிகள் எடுத்த முடிவும் அதில் இருக்கிறது. அதே மைக்ரோசொஃப்ட், இயந்திரங்களிலும் கடைக் கருவிகளிலும் பூட்டி விற்பதற்கான விண்டோஸ் 11 ஐஓடி எண்டர்பிரைஸ் பதிப்பில் டிபிஎம்மைக் கட்டாயமில்லை என்று வைத்திருக்கிறது. அதுவும் விண்டோஸ் 11தான்.

நான் சொன்ன மூன்றுக்கு வருகிறேன். முதலாவது, பட்டியலில் பெயர் இல்லை என்பது. இது முழுக்க முழுக்கக் கடதாசித் தடை. ஐந்தாம், ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பெரும்பாலும் இந்த வகை. சில்லால் ஓட முடியும், நிறுவும் மென்பொருள் பெயரைப் பார்த்து மறித்துவிடுகிறது.

இரண்டாவது, டிபிஎம் இல்லை, செக்கியூர் பூட் இல்லை என்பது. டிபிஎம் என்பது கடவுச்சொல், பூட்டுச் சாவி போன்றவற்றைக் கணினியின் மற்றப் பகுதிகளுக்குக் காட்டாமல் வைத்திருக்கும் சிறு பெட்டகம். இது இல்லாவிட்டாலும் விண்டோஸ் ஓடும், ஆனால் லெப்டொப் களவு போனால் உள்ளே இருப்பவை பாதுகாப்பாக இருக்குமா என்பது போன்ற விஷயங்களில் பலம் குறையும். இதில் எங்கள் ஆட்கள் அடிக்கடி ஏமாறுவது எங்கே என்றால், பல கணினிகளில் டிபிஎம் இருக்கிறது, பயோஸுக்குள் (கணினி தொடங்கும்போது போய்ப் பார்க்கக்கூடிய அடிப்படை அமைப்புகள்) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் கணினிகளில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று. பரிசோதிக்கும் மென்பொருள் டிபிஎம் தகுதி இல்லை என்றுதான் காட்டும், அது இல்லவே இல்லையா, அணைந்துதான் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. புது மதர்போர்ட் வாங்கச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு தம்பியின் கணினியில் பயோஸுக்குள் போய் ஒரே ஒரு தெரிவை மாற்றியதோடு வேலை முடிந்தது. கேட்டபோது வயிறெரிந்தது. அந்தக் காசை அவர் சேர்த்தது எப்படி என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் உண்மையான சுவர். 2024 ஒக்டோபர் 1இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸின் கேர்னல், எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுதியும் பொப்கவுன்ட் என்ற கட்டளையும் சில்லில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. இன்டெல்லில் 2008இல் வந்த முதலாம் தலைமுறை கோர் ஐ வரிசையிலிருந்து இவை இருக்கின்றன. அதற்கு முந்திய கோர் 2 டுவோவில் இல்லை. அதில் 24எச்2ஐ எந்தத் தந்திரம் செய்து போட்டாலும் தொடங்காது, ஏனென்றால் இங்கே யாரும் மறிக்கவில்லை, சில்லுக்கு அந்தச் சொல்லே தெரியாது. பழைய டியூஷன் கொட்டில்களில் இன்னும் கோர் 2 டுவோப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அக்கரைப்பற்று நண்பரிடம் இருந்தவற்றில் பாதி அவைதான். "இதுக்கும் ஏத்தலாம்" என்று காசு வாங்கியவர்கள் பழைய 23எச்2ஐப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டுப் பாவனைக்கான 23எச்2க்கு அப்டேட் 2025 நவம்பர் 11ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 10இல் இருந்த அதே நிலைக்குக் காசு கொடுத்துப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

அப்போ முதல் இரண்டு தடைகளை எப்படித் தாண்டுகிறார்கள்? இதில் மாயம் ஒன்றுமில்லை. தகுதி பார்ப்பது நிறுவும் மென்பொருளின் வேலை. நிறுவி முடிந்த பிறகு விண்டோஸ் அதை வைத்து உங்களை வெளியே தள்ளுவதில்லை. ஆகவே அந்த ஒரு சோதனையை மட்டும் தவிர்த்தால் போதும். விண்டோஸ் 10இன் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) ஒரு மதிப்பைச் சேர்த்து, "தகுதியில்லாத சில்லானாலும் மேம்படுத்த விடு" என்று சொல்லலாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது வேறு யாருமில்லை, மைக்ரோசொஃப்டே தன் உதவிப் பக்கத்தில் போட்டிருந்தது, பின்னர் 2025 தொடக்கத்தில் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டது. இந்த வழிக்குக் குறைந்தது டிபிஎம் 1.2 ஆவது வேண்டும். டிபிஎம் அறவே இல்லாதவர்கள் ரூஃபஸ் என்ற சிறு இலவச மென்பொருளால் பென் டிரைவ் தயாரிக்கிறார்கள். தயாரிக்கும்போதே டிபிஎம், செக்கியூர் பூட், ரேம் சோதனைகளை எடுத்துவிடவா என்று ஒரு பெட்டியில் கேட்கும். இன்னொரு வழியில் நிறுவும் மென்பொருளிடம் "இது சேர்வர்" என்று சொல்லி ஓட்டுவார்கள், சேர்வருக்கு இந்தச் சோதனை இல்லை. அப்போது திரையில் விண்டோஸ் சேர்வர் என்று எழுதி வரும், பார்க்கிறவர் பயந்துபோய் நிறுத்திவிடக்கூடாது, கடைசியில் ஏறுவது சாதாரண விண்டோஸ் 11தான்.

எந்த வழியானாலும் விண்டோஸை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 5 ஜிபிக்கு மேல் வரும், இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுத்தால் விடியப் பார்க்கலாம். டெலிகிராமில் யாரோ அனுப்பிய, "மெலிய வைத்த" விண்டோஸ், ஏற்கெனவே கிராக் செய்த விண்டோஸ் எதையும் தொடாதீர்கள். பாதுகாப்புக்காகத்தான் 11க்கு மாறுகிறோம், அதையே முகம் தெரியாத ஒருவர் கைவைத்த கோப்பிலிருந்து தொடங்கினால் மாறியதில் பிரயோசனம் இல்லை. விண்டோஸ் 10 முறைப்படி ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதே பதிப்பு 11இலும் தானாக ஆக்டிவேட் ஆகும், புதிதாகச் சாவி வாங்கத் தேவையில்லை.

போடுவது ஒன்றிரண்டு மணித்தியால வேலை. கஷ்டம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் எந்த உறுதியும் தரவில்லை. நடைமுறையில் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட்டுகள் வருகின்றன. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய், எங்கள் நேரப்படி இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ வெளியாகும். இதுவரை வந்திருக்கின்றன என்று மட்டுமே சொல்லலாம், நாளைக்கும் வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு, அதாவது 23எச்2, 24எச்2, 25எச்2 என்று போகிறதே, அது இந்தக் கணினிகளுக்குத் தானாக வராது. வீட்டுப் பாவனைக்கான ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாத ஆயுள்தான். அது முடிவதற்குள் ஆள் ஒருவர் திரும்பவும் ஐஎஸ்ஓ இறக்கி, திரும்பவும் சோதனையைத் தவிர்த்து, கையால் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மாதாந்த அப்டேட்டும் நின்றுவிடும்.

இதில் நான் விட்ட பிழை ஒன்று இன்னும் மனதில் கிடக்கிறது. 2023இல் ஒரு சிறு அலுவலகத்துக்கு ஏழாம் தலைமுறைக் கணினி ஒன்றில் விண்டோஸ் 11, அப்போதைய 22எச்2, போட்டுக் கொடுத்தேன். அழகாக ஓடியது, நன்றி சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து, பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டபோது போய்ப் பார்த்தேன். கடைசிப் பாதுகாப்பு அப்டேட் 2024 ஒக்டோபரில். 22எச்2இன் ஆயுள் அந்த மாதம் 8ஆம் திகதியோடு முடிந்திருந்தது, அடுத்த பதிப்பு தானாக வரவில்லை, வராது என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்கவும் இல்லை. ஆட்களின் அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் நிறைந்த ஒரு கணினி ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படிக் கிடந்திருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை, நடந்திருக்கலாம். "ஆதரவில்லை" என்றால் கம்பனி பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறது. அந்தப் பொறுப்பு காற்றில் கரைந்து போவதில்லை, போட்டுக் கொடுத்தவனின் தலையில் வந்து விழுகிறது. எங்கள் ஊர்களில் ஒரு கணினியைப் பாவிப்பவர் ஒருவர், பராமரிப்பவர் இன்னொருவர். ஆகவே யாருக்காவது போட்டுக் கொடுத்தால் அடுத்து எப்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் கரையோரத்துக்கென்று சில தனிப் பிரச்சினைகளும் உண்டு. கல்லடி, பாசிக்குடா, காரைதீவு, பொத்துவில் என்று கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று கணினிக்குள் போய் எதையும் விட்டுவைக்காது. பழைய கணினியைத் திறந்தால் மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 மின்கலத்தைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கும். இந்த மின்கலம் செத்தால் திகதி பின்னுக்குப் போவது மட்டுமில்லை, பல கணினிகளில் பயோஸ் தெரிவுகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் இயக்கி வைத்த பிடிடி அணைந்துவிடும், யூஇஎஃப்ஐ பழைய லெகசி முறைக்கு மாறிவிடும், மின்சாரம் போய் வந்த அடுத்த நாள் "பூட் செய்ய ஒன்றுமில்லை" என்று திரை காட்டும். விண்டோஸ் 11தான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் போர்மட் பண்ணிப் படங்களையெல்லாம் தொலைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். பழைய கணினியில் கைவைக்கும்போது அந்த மின்கலத்தை முதலில் மாற்றிவிடுங்கள், சின்னக் காசு. அதேபோல டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால், பயோஸில் டிபிஎம்மைத் தொடுவதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் டிபிஎம்மை அழித்தால் உள்ளே இருப்பதை யாராலும் திறக்க முடியாது.

பழைய ஹாட் டிஸ்க்கில் விண்டோஸ் 11 போடாதீர்கள். ஏறும், ஆனால் தொடங்கவே ஐந்து நிமிஷம் எடுக்கும். இருக்கிற காசில் ஒன்றுதான் செய்யலாம் என்றால் எஸ்எஸ்டி போடுங்கள், அடுத்தது ரேமை எட்டாக்குங்கள்.

கொமியூனிகேஷன் கடைக்காரர்களுக்கு இன்னொன்று. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லை. ரேம் குறைவு என்று இவ்வளவு நாளும் 32 பிட் விண்டோஸ் 10 ஓட்டியவர்கள், பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் 64 பிட் ட்ரைவர் இருக்கிறதா என்று முதலே பார்த்துவிட வேண்டும். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்படியே மேம்படுத்தவும் முடியாது, கோப்புகளை வேறிடத்தில் வைத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். கல்முனைக் காக்காவின் கடையில் கெனன் எல்பிபி 2900. எங்கள் பக்கத்தில் நான் போகிற கடைகளில் பாதிக்குமேல் அதுதான். அதற்கு 64 பிட் ட்ரைவர் இருக்கிறது, 11இலும் ஓடியது, பாமினி எழுத்துருக்களும் பிரச்சினையில்லாமல் வந்தன. ஆனால் அவர் முதலில் கேட்டது விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போடலாமா என்று. அந்த பிரிண்டர் கெனனின் சொந்த நெறிமுறையில் கதைப்பது, லினக்ஸில் அதை ஓட்டுவது பெரும்பாடு. நாளுக்கு நூற்றுக்கணக்கில் பிரதி அடிக்கிற கடையில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று சொன்னேன்.

மற்றபடி லினக்ஸ் நல்ல வழிதான், முக்கியமாக அந்தக் கோர் 2 டுவோப் பெட்டிகளுக்கு. லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு, யாரையும் ஏமாற்றாமல், எதையும் தவிர்க்காமல் முறைப்படி ஏறும். பிள்ளைகள் இணையத்தில் படிக்க, தட்டச்சுப் பழக, பைதன் படிக்கப் போதும். அக்கரைப்பற்றில் ஆறு பெட்டிகளுக்கு அதைத்தான் போட்டோம். ரேம் 4 ஜிபி இருந்தவை சமாளித்தன, 2 ஜிபி இருந்தவை இரண்டையும் உதிரிப்பாகத்துக்குக் கழற்றிவிட்டோம். அவகாசம் மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு விண்டோஸ் 10இன் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது: கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்து, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்நுழைந்து, கணினி அமைப்புகளைக் காப்புப் பிரதி எடுக்கச் சம்மதித்தால் காசில்லாமல், இல்லாவிட்டால் 30 டொலர் கட்டி, 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம் என்று அறிவித்தார்கள். தகுதியைத் தவிர்த்து 11 போடுவதற்குத் தயங்குகிற எவருக்கும் நான் இதையே முதலில் சொன்னேன்.

ஆசிரியைக்கும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வருஷம் கழிச்சுத் திரும்ப இதே கதைதானே மகன், நீ இப்பவே செய்" என்றார். அவருடைய இ7470இல் டிபிஎம் 1.2 இருந்தது, தயாரிப்பாளர் வெளியிட்ட சிறு மென்பொருளால் அதை 2.0 ஆக மாற்ற முடிந்தது. செக்கியூர் பூட் அணைந்திருந்தது, இயக்கினேன். அதோடு இரண்டாவது தடை முழுதாகப் போய்விட்டது, மிஞ்சியது சில்லின் பெயர் மட்டும். ஆவணங்களையும் பேரப்பிள்ளையின் படங்களையும் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, ரெஜிஸ்ட்ரி வழியில் 25எச்2க்கு மேம்படுத்தினேன். லெப்டொப்பின் பற்றரி பலவீனம், வெளியே மழை, மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் எடுத்தது. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன, பாமினியும் இருந்தது. ஆறாம் தலைமுறையாதலால் மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கிப் பார்த்தேன், யூடியூப் ஓடும்போது கொஞ்சம் இழுத்தது, ஆனால் அவருடைய வேலைகளுக்குத் தடையில்லை, அப்படியே விட்டேன். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் விண்டோஸ் 10க்குத் திரும்பலாம் என்றும் சொன்னேன்.

கடைசியாகத் தொடுபலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினேன். பதிப்பு 25எச்2, ஆயுள் 2027 ஒக்டோபர் 12 வரை, அந்த ஓகஸ்டிலேயே கொண்டுவரவும் என்று எழுதி, கீழே என் தொலைபேசி இலக்கம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, சமையலறைக் கலண்டரிலும் எழுதவேண்டும், ஆனால் 2027 கலண்டர் இன்னும் வரவில்லையே என்றார். அதனால் அன்றிரவே கட்டாரில் இருக்கும் மகளுக்கு அழைத்து, அவரின் போனில் நினைவூட்டல் வைக்கச் சொன்னோம்.